தோல் தொழிலும் கோர்ட்டுகளும்

2025ம் வருஷம் ஜனவரி 30ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் பாலாற்றைக் குறித்து வெளியிட்ட தீர்ப்பை வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஜில்லாவாசிகள் நன்கறிவார்கள். தோல் பதனிடும் சாலைகளின் கழிவினால் நிலமும் கிணறும் கெட்டவர்களில் இன்னும் நஷ்டஈடு பெறாதவர்களுக்கு ஆறு வாரத்திற்குள் சர்க்காரே பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். பின்பு அதைக் கெடுத்தவர்களிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும். ஓய்வுபெற்ற ஹைகோர்ட்டு நீதிபதி ஒருவர் தலைமையில் கமிட்டி ஒன்று நான்கு வாரத்தில் அமைய வேண்டும் என்பது நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகிய இருவரும் இட்ட உத்தரவு. வழக்கை முடித்துக் கட்டிவிடாமல், உத்தரவு நிறைவேறுகிறதா என்று தாமே தொடர்ந்து கவனிப்பதாகவும் அவர்கள் கூறினார்கள். இதைக் கண்டு, “தொழிலை நடத்துபவன் முதலாளி, அவனைக் கட்டுப்படுத்துவது சர்க்கார், நடுவில் கோர்ட்டுக்கு என்ன வேலை?” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும் அதைக் கேட்பவர்களில் பலர், ஒரு காலத்தில் கோர்ட்டுகள் இதற்கு நேர்மாறான காரியத்தைச் செய்து வந்தன என்பதை மறந்துவிடுகிறார்கள். தொழிலையும் கூலியையும் கட்டுப்படுத்த சர்க்காருக்கே அதிகாரமில்லை என்று கோர்ட்டுகள் தடுத்துவந்த காலம் அது. அந்தச் சரித்திரத்தைச் சிறிது பார்த்தால்தான் இன்றைய விஷயம் விளங்கும்.

அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யத்துச் சட்டசபை 1895ம் வருஷத்தில் ரொட்டிக் கிடங்குத் தொழிலாளரின் வேலை நேரத்திற்கு ஓர் எல்லை வகுத்தது. நாளொன்றுக்குப் பத்து மணி, வாரத்திற்கு அறுபது மணி; அதற்கு மேல் வேலை வாங்கலாகாது. யூடிகா என்னும் ஊரில் ரொட்டிக் கடை வைத்திருந்த லாக்னர் என்பவர் இச்சட்டத்தை மீறி அபராதம் விதிக்கப்பெற்று, வழக்கை அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு வரையில் கொண்டுபோனார். 1905ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஒன்பது நீதிபதிகளில் ஐவர் அவர் பக்கம் சாய்ந்தார்கள். எத்தனை மணி வேலை செய்வது என்று முதலாளியும் தொழிலாளியும் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொள்வது அவர்களுடைய சுதந்திரம். அதில் சர்க்கார் தலையிடுவது அரசியல் சட்டத்திற்கு விரோதம் என்பது அவர்கள் கூறிய நியாயம். ஜஸ்டிஸ் ஹோம்ஸ் இதை ஒப்பவில்லை. அரசியல் சட்டம் எந்த ஒரு பொருளாதாரக் கொள்கைக்கும் பட்டயம் எழுதிக்கொடுக்கவில்லை என்பது அவருடைய கருத்து.

அந்த ஐவரின் கொள்கை முப்பத்திரண்டு வருஷ காலம் அமெரிக்கத் தொழிலாளியின் கழுத்தில் கிடந்தது. குழந்தைகளை வேலைக்கு வைக்கும் சாலைகளின் சரக்கு ராஜ்யத்திற்கு ராஜ்யம் போகக்கூடாது என்று இயற்றிய சட்டம் 1918ல் விழுந்தது. தலைநகரான வாஷிங்டனில் பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்த சட்டம் 1923ல் விழுந்தது. ரூஸ்வெல்ட் வந்து தொழில் புனருத்தாரணச் சட்டம் கொண்டுவந்தார். கோழி வியாபாரிகள் சிலர் சம்பந்தப்பட்ட வழக்கில் 1935ல் அதுவும் விழுந்தது. கோடிக்கணக்கான ஜனங்கள் வேலையின்றித் தவிக்கையில் ஒப்பந்த சுதந்திரம் என்ற பேச்சு எவ்வளவு கசந்திருக்கும்! பொறுமையிழந்த ரூஸ்வெல்ட், நீதிபதிகளின் தொகையையே பெருக்கிவிடுவதென்று 1937 பிப்ரவரியில் மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. ஆனால் மார்ச்சு 29ந் தேதியன்று ஹோட்டல் பணிப்பெண் ஒருத்தியின் வழக்கில், அவளுக்குச் சட்டப்படி வாரத்திற்கு 48 மணிக்குச் சேரவேண்டிய 14½ டாலர் கூலியைக் கொடுத்தே தீரவேண்டும் என்று அதே கோர்ட்டு ஐந்துக்கு நான்காகத் தீர்ப்புக் கூறிற்று. பிரதம நீதிபதி ஹ்யூஸ் அதில் எடுத்துக்காட்டிய நியாயம் ஒன்று நமக்கு மிகவும் முக்கியமானது. வயிற்றுக்குப் போதாத கூலி கொடுக்கும் முதலாளியின் தொழிலாளரைப் பின்பு காப்பாற்றுவது ஊராருடைய வரிப்பணம். ஆகையால் குறைந்த கூலி என்பது ஊரார் அம்முதலாளிக்குக் கொடுக்கும் மானியமே என்றார் அவர். இந்த மானியம் என்ற சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் அன்னிய ஆட்சிக் காலத்தில் கோர்ட்டுகள் தொழிற் சட்டங்களைத் தள்ளவில்லை. தள்ளுவதற்குச் சட்டம் இருந்தால்தானே! சட்டம் இல்லாத இடத்தில் ஆங்கில நாட்டுப் பழைய நியாயங்களைக் கொண்டு தொழிலாளரை அடக்கினார்கள். 1918 ஏப்ரலில் ஏற்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் மேல் பின்னி கம்பெனியார் 1920ம் வருஷக் கடைசியில் தொடுத்த வழக்கே இதற்குத் தக்க சாட்சி. ஒப்பந்தத்தை மீறும்படி வேலையாட்களைத் தூண்டினார்கள் என்று ஸ்ரீ பி. பி. வாடியா முதலியவர்கள் மேல் நஷ்டத்திற்குத் தாவா செய்தார்கள். ஜஸ்டிஸ் பிலிப்ஸ் தடையுத்தரவு கொடுத்தார். 1921 ஜனவரியில் ராஜி ஏற்பட்டபோது வாடியா சங்கத்தைவிட்டு விலக நேர்ந்தது. தொழிற்சங்கம் அமைப்பதே குற்றமாகிவிடுமோ என்ற அச்சம் நாடெங்கும் பரவவே, 1926ம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது.

ஆகவே, சுதந்திர இந்தியாவுக்கு அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்தவர்கள் இவ்விரண்டு அனுபவங்களையும் அறிந்தவர்கள். ஆலோசகர் பெனகல் நரசிங்க ராவ் 1947ம் வருஷக் கடைசியில் அமெரிக்கா சென்று ஜஸ்டிஸ் பிராங்பர்ட்டரைக் கண்டார். அமெரிக்க நீதிபதிகள் எந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டு தொழிற் சட்டங்களைத் தள்ளினார்களோ, அதை உங்கள் சட்டத்தில் சேர்க்காதீர்கள் என்பது பிராங்பர்ட்டரின் யோசனை. அவ்வாசகத்தின் இடத்தில் ‘சட்டத்தில் நிறுவப்பட்ட நடைமுறை’ என்ற வாசகம் வந்தது. 1948 டிசம்பரில் நடந்த விவாதத்தில் நமது ஸ்ரீ அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் இம்மாறுதலை ஆதரித்துப் பேசினார்; சமுதாய நலச் சட்டங்களுக்கு நீதிபதிகள் முட்டுக்கட்டையாகிவிடலாகாது என்பது அவர் கவலை. முன்ஷி எதிர்த்தார். இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. தொழிலாளியின் கூலியைக் காக்கப் போட்ட அவ்வேலி மனிதனின் சரீர சுதந்திரத்தையும் வெளியே விட்டுவிட்டது. வேலூர்ச் சிறையிலிருந்து 1941ல் தப்பிய ஏ. கே. கோபாலன், விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டு 1950ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனபோது, பெரும்பான்மை நீதிபதிகள் அவருக்கு நியாயம் கிட்டாமற் செய்ததற்கு அந்த வாசகமே ஆதாரமாயிற்று.

இது நிற்க. தோல் தொழிலுக்கு வருவோம். 1948ம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் அட்டவணையில் ‘தோல் பதனிடும் சாலைகளும் தோற்சாமான் உற்பத்தியும்’ ஓர் இனமாகச் சேர்க்கப்பட்டது. காரணமில்லாமற் சேர்க்கவில்லை. சங்கம் கட்ட வகையற்று, கண்டிராக்டருக்குக் கீழே துண்டுக் கூலிக்கு உழைப்பவர்கள் நிறைந்த தொழில்களுக்கென்றே அந்த அட்டவணை ஏற்பட்டது. 1931ல் வெளியான விட்லி கமிஷன் அறிக்கையிலேயே, பாக்டரிச் சட்டம் எட்டாத தொழில்களோடு தோல் பதனிடுவதும் பேசப்பட்டது. நம் பக்கத்தார் ‘தோல் ஷாப்பு’ என்று சொல்லும் இடத்தின் உட்புறத்தைக் கண்டவர்களுக்கு இது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. உப்பிட்ட தோலைக் கழுவி, சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிரும் கொழுப்பும் சீவி, ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதப்படுத்துவது பழைய முறை. குரோமியம் வந்தது பிறகு. முறை எதுவானாலும் குழியில் இறங்குபவன் பெரும்பாலும் சேரியிலிருந்து வருபவனே. கூலியைப் பேரம் பேசும் சுதந்திரம் அவனுக்கு உண்டு என்று சொல்வது பரிகாசம்.

அந்தப் பரிகாசத்தை நம் கோர்ட்டிலும் சொல்லிப் பார்த்தார்கள். அஜ்மீரில் பிஜய் பஞ்சாலையார் மீது மாதம் 56 ரூபாய் குறைந்தபட்சக் கூலியாக விதிக்கப்பட்டது. கட்டாது என்று ஆலையை மூடினார்கள். 35 ரூபாய்க்கே வேலை செய்யத் தயார் என்று தொழிலாளரில் பெரும்பகுதியார் முன்வந்தார்கள். முதலாளியும் இசைந்தான், தொழிலாளியும் இசைந்தான், இடையில் சட்டம் எதற்கு என்று வாதம் நடந்தது. யூடிகா ரொட்டிக்காரரின் வாதமேதான். 1954 அக்டோபரில் ஜஸ்டிஸ் முகர்ஜி இதை நிராகரித்தார். பசியினால் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்பவனைக் காப்பதற்கே சட்டம் வந்திருக்க, அவன் ஒப்புதலையே காட்டிச் சட்டத்தை மறுக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். பின்னர் ஜஸ்டிஸ் கஜேந்திரகட்கர், குறைந்தபட்சக் கூலிகூடக் கொடுக்க இயலாத தொழிலுக்கு உயிர் வாழும் உரிமையே இல்லை என்று தெளிவுபடுத்தினார். 1982ல் டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டிட வேலையாட்களின் வழக்கில், அக்கூலிக்கும் குறைத்துக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய ஊழியமே என்று சொல்லப்பட்டது.

இதனால் நமது கோர்ட்டுகள் எப்பொழுதும் சர்க்காருக்கு வழிவிட்டே வந்தன என்று நினைத்துவிடக் கூடாது. பத்திரிகை நடத்துபவர்களாகிய நம் இனத்தாரின் கதையையும் மறைப்பதற்கில்லை. பத்திரிகைத் தொழிலாளருக்குக் கூலி வாரியம் செய்த நிர்ணயத்தை எதிர்த்துப் பத்திரிகைக் கம்பெனிகள் தொடுத்த எக்ஸ்பிரஸ் நியூஸ்பேப்பர்ஸ் வழக்கில், தொழிலின் சக்தியை வாரியம் கவனிக்கவில்லை என்று 1958 மார்ச்சில் அந்த நிர்ணயம் ரத்தாயிற்று. மறுபடி அதே வருஷம் பார்லிமெண்டு வேறு சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. குறைந்த கூலியைப் பற்றித் தோல் முதலாளிகளுக்கு உபதேசிக்கும் பத்திராதிபர்கள் இதை நினைவிற் கொள்வது நலம்.

தோல் மண்டியிலேயே சர்க்காரின் கையைக் கோர்ட்டு பிடித்த சமயங்களும் உண்டு. சென்னை சர்க்காரின் விற்பனை வரி விதிகளின்படி, இங்கேயே வாங்கிப் பதனிட்ட தோலுக்குப் பச்சைத் தோலின் விலைமேல் வரி. வெளி ராஜ்யத்திலிருந்து பதனிட்டுக் கொண்டுவந்த தோலுக்கோ பதனிட்ட தோலின் விலைமேல் வரி. பதனிட்ட தோல் விலை கூடியதாகையால் வெளித்தோல் அதிக வரி சுமந்தது. மெஹ்தாப் மஜீத் கம்பெனியார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இந்த விதியைத் தள்ளிற்று. சர்க்கார் 1963ல் விசேஷச் சட்டம் ஒன்று செய்து பார்த்தார்கள். ஹாஜி அப்துல் ஷுக்கூர் கம்பெனியார் வழக்கில் 1964ல் அதன் முக்கிய ஷரத்தும் போயிற்று. பிறகு பச்சைத் தோலுக்கு ஒரு விகிதம், பதனிட்டதற்கு அதில் பாதி என்று வகுத்தபின் கோர்ட்டார் ஒப்புக்கொண்டார்கள். இந்தத் தடையில் நாம் குறை காணவில்லை. பிரஜைகளுக்குள் ஓரவஞ்சனை செய்யாதே என்று சொல்வதும், தொழிலைத் தொடவே தொடாதே என்று சொல்வதும் வேறு வேறு.

இரண்டாவது வகைத் தடையும் ஒரு முறை நேர்ந்தது. தொழிற்சாலையை மூட சர்க்கார் அனுமதி வேண்டும் என்ற ஷரத்தை 1978 செப்டம்பரில் எக்ஸெல் வேர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு செல்லாதென்றது. ஆட்குறைப்புக்கு அனுமதி வேண்டும் என்ற ஷரத்தைச் சென்னை ஹைகோர்ட்டு 1980ல் செல்லாதென்றது. பார்லிமெண்டு முதல் ஷரத்தைத் திருத்தி 1982ல் மறுபடி இயற்றியது. இரண்டாவதை மதுரை மீனாட்சி ஆலை வழக்கில் 1992ல் சுப்ரீம் கோர்ட்டே நிலைநாட்டியது. திருத்திய மூடல் ஷரத்தும் 2002ல் நிலைத்தது.

இனிப் பாலாறு. 1987 செப்டம்பரில் கான்பூர்த் தோல் சாலைகள் கங்கையைக் கெடுத்த வழக்கில் ஜஸ்டிஸ் வெங்கடராமய்யா, கூலியைப் பற்றிய பழைய தத்துவத்தை ஆற்றுக்கும் பொருத்தினார். குறைந்தபட்சக் கூலி கொடுக்க முடியாத தொழில் எப்படி நிலைத்திருக்கலாகாதோ, அப்படியே கழிவுநீரை முதற்கட்டமாகவாவது சுத்திசெய்ய முடியாத தோல் சாலையும் நிலைத்திருக்கலாகாது என்றார். நமது அபிப்பிராயத்தில் இந்திய நியாயசாஸ்திரத்தில் மிகப் பொருள் பொதிந்த ஒப்புமைகளில் இது ஒன்று. ஹ்யூஸ் சொன்ன மானியம் இங்கே வேறு உருவத்தில் நிற்கிறது. சுத்திசெய்யாத கழிவை ஆற்றில் விடும் முதலாளி மிச்சம் பிடிக்கும் பணம் யாருடையது? கிணறு உப்பாகிப்போன குடியானவனுடையது. தண்ணீரை விலைக்கு வாங்கும் பெண்ணுடையது. அவர்களிடம் கேளாமலே எடுத்துக்கொண்ட மானியம் அது.

1991ல் வேலூர்ப் பிரஜைகள் நல மன்றத்தார் சுப்ரீம் கோர்ட்டை நாடினார்கள். 1996 ஆகஸ்டு 28ந் தேதி ஜஸ்டிஸ் குல்தீப் சிங் அளித்த தீர்ப்பில் கண்ட கணக்குகள் பயங்கரமானவை. தமிழ்நாடு விவசாயப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையத்தார் கணக்குப்படி, தோல் சாலைப் பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் சாகுபடி நிலம் முழுதாகவோ பகுதியாகவோ கெட்டுவிட்டது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. நாட்டின் பதனிட்ட தோல் ஏற்றுமதியில் ஏறக்குறைய 80 சதவிகிதம் தமிழ்நாட்டுடையது என்பதையும் அதே தீர்ப்பு குறிப்பிடத் தவறவில்லை. ஐந்து ஜில்லாக்களின் தோல் சாலைகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்து, நஷ்டத்தை மதிப்பிட ஓர் அதாரிட்டியை நியமிக்கச் சொல்லி, சென்னை ஹைகோர்ட்டில் பசுமைப் பெஞ்சு ஒன்று அமையவும் கோர்ட்டு வழி செய்தது. சிறிய கொட்டகை வைத்திருப்பவனுக்கும் பெரிய ஏற்றுமதிக்காரனுக்கும் ஒரே அபராதம் என்பது நமக்குச் சரியாகப்படவில்லை, அது போகட்டும்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. நதிகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இத்தகைய தொழில்கள் கூடாதென்று சர்க்காரே 1989 மார்ச்சு 30ந் தேதி உத்தரவு பிறப்பித்திருந்தார்கள். ஜலமாசுத் தடுப்புச் சட்டம் 1974 முதல் இருந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986 முதல் இருந்தது. அமெரிக்காவில் சட்டசபை கையை நீட்டியது, கோர்ட்டு தட்டிவிட்டது. இங்கே கோர்ட்டு தடுக்கவில்லை. சர்க்கார்தான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது. அதிகாரம் இல்லாத சர்க்கார் ஒரு வகை. அதிகாரத்தை உபயோகிக்காத சர்க்கார் இன்னொரு வகை. குடியானவனுக்கு இரண்டும் ஒன்றே.

ஆனால் கோர்ட்டு ஆளத் தொடங்கினால் எவ்வளவு தூரம் ஆளமுடியும்? அந்த அதாரிட்டி 2001 மார்ச்சில் வேலூர் ஜில்லாவில் 29,193 பேருக்கு 26 கோடியே 82 லட்சம் ரூபாய் நஷ்டஈடு என்று முடிவு செய்தது. வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சராசரி 9,200 ரூபாய்க்கும் குறைவு. அதிலும் பாக்கி நின்று, 2025ல் சுப்ரீம் கோர்ட்டு மறுபடி ஆறு வாரக் கெடு வைக்க நேர்ந்தது. தீர்ப்புக்கும் பணத்துக்கும் இடையே ஒரு தலைமுறை கழிந்துவிட்டது. கோர்ட்டுக்குக் குரல் உண்டு. தாசில்தாரும் அமீனாவும் சர்க்காருடைய ஆட்கள்.

இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. இந்த வழக்குகளில் நிலத்தின் குரல் கேட்டது, ஏற்றுமதியின் குரல் கேட்டது. குழியில் நிற்பவன் குரல் கேட்கவில்லை. சாலையை மூடினால் முதலில் பட்டினி கிடப்பவன் அவன். திறந்திருந்தால் அந்த நீரிலும் புகையிலும் முதலில் நிற்பவனும் அவன். 2015 ஜனவரி 31ந் தேதி இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, அடுத்த தோல் சாலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பிழைப்புத் தேடி வங்காளத்திலிருந்து வந்தவர்கள் அவர்களில் அனேகர். ஆற்றைக் காக்கக் கட்டிய நிலையமே அவர்களுக்கு எமனாயிற்று. வேலை செய்யும் இடத்திலேயே படுத்துறங்கும்படி ஆட்களை வைத்திருப்பதைப் பற்றிப் பாக்டரிச் சட்டம் என்ன சொல்கிறது, அதை யார் பார்த்தார்கள் என்ற கேள்விகளே முதலில் எழுந்திருக்க வேண்டும்.

இப்பொழுது காற்று வேறு பக்கம் வீசுகிறது. 2020ல் குஜராத் சர்க்கார் கொள்ளை நோயைக் காரணம் காட்டி, பாக்டரிகளில் வேலை நேரத்தை நீட்டி, மிகைநேர வேலைக்கு இரட்டைக் கூலியும் வேண்டாமென்று அறிவித்தார்கள். அவ்வருஷம் அக்டோபர் 1ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது. 2023 ஏப்ரலில் நமது சட்டசபையே பன்னிரண்டு மணி வேலைக்கு இடங்கொடுக்கும் மசோதாவை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் கிளர்ந்தெழவே, மே தினத்தன்று முதன் மந்திரி அதை வாபஸ் பெறுவதாக அறிவித்தார். 1895ல் நியூயார்க் சட்டசபை பத்து மணி என்றது, 1905ல் நீதிபதிகள் மறுத்தார்கள். இன்று சட்டசபைகள் பன்னிரண்டு என்கின்றன, நீதிபதிகளும் சங்கங்களும் மறுக்க வேண்டியிருக்கிறது. ஆலையை மூட அனுமதி பெற வேண்டிய எல்லையை 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்த்தியதும் கோர்ட்டல்ல, 2020ம் வருஷத்துத் தொழிலுறவுச் சட்டத்தில் பார்லிமெண்டு தானே செய்தது. எக்ஸெல் வேர் வழக்கில் இழந்ததை அரும்பாடுபட்டு மீட்ட பார்லிமெண்டு அதுவே!

நான்கு தொழிற் சட்டங்களும் 2025 நவம்பர் 21ந் தேதி அமுலுக்கு வந்துள்ளதாக மத்திய சர்க்கார் அறிவித்தார்கள். 1948ம் வருஷத்து அட்டவணை அத்துடன் மறைந்து, குறைந்தபட்சக் கூலி எல்லா வேலைக்கும் பொதுவாகிறது. எழுத்தளவில் இது முன்னேற்றந்தான். ஆனால் தனிப்பெயர் போனபின் தோல் சாலைக்கும் ஷூ தொழிற்சாலைக்கும் கூலி விகிதங்களை அடிக்கடி பார்த்துத் திருத்தும் பொறுப்பு முழுவதும் ராஜ்ய சர்க்காரின் கையில் வந்து நிற்கிறது. அவர்கள் செய்யவேண்டிய காரியங்கள் தெளிவானவை. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் துண்டு வேலைக்கும் நாள் வேலைக்கும் உரிய விகிதங்களைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு சாலை வாசலிலும் ஒட்டச் செய்ய வேண்டும். ஆற்றுக் கமிட்டியில் குடியானவர்களுக்கும் தோல் வியாபாரிகளுக்கும் உள்ள இடத்தைப் போலத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் இடம் வேண்டும். மூட உத்தரவிடப்படும் சாலையில் வேலையிழப்பவனுக்குச் சேரவேண்டிய கூலி பாக்கியை, குடியானவனுக்குரிய நஷ்டஈட்டைப் போலவே சர்க்கார் முன்னதாகக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கட்டும். 29,193 பேர் ஜாபிதாவில் பணம் பெற்றவர், பெறாதவர், இறந்துபோனவரின் வாரிசுகள் யார் யார் என்பதைக் கிராமவாரியாக ஜில்லா கலெக்டர்கள் பகிரங்கப்படுத்த வேண்டும்.